உயிரோடு இருந்தவருக்குப் போட்ட மாலை

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டில், மாடி வாடகை வீட்டில், நானும் என் இரண்டு பெண்களும் மடியில் இட்லித் தட்டோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெரியவள் யாழினி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சின்னவள் தேன்மொழி எட்டாவது. தேனு என்றுதான் கூப்பிடுவோம்.

ஓடிக்கொண்டிருந்தது நான் வசனம் எழுதிய தொடர். ஒரு தாயும் இரண்டு பெண்களும் குடியிருக்கும் வீட்டின் கூடத்தைக் கேமரா மெதுவாகச் சுற்றி வந்தது. கடிகாரம், காலண்டர், கொடியில் காயும் துண்டு. அப்புறம் சுவரில் ஒரு ஆணின் படம். படத்துக்குச் சந்தன மாலை, நெற்றியில் குங்குமப் பொட்டு, கீழே சின்னச் சிவப்பு பல்பு.

தொடரில் அம்மாவாக நடித்தவர் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்து, "நீங்க போனதுலேந்து இந்த வீட்ல ஃபேனை ரிப்பேர் பண்ண ஆளில்லைங்க" என்றார். பின்னணியில் ஐம்பது பேர் சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள்.

யாழினி இட்லியை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினாள். "அம்மா, அது அப்பா மாதிரியே இல்ல?"

"மாதிரி இல்ல. அப்பாதான்" என்றாள் தேனு.

அவள் சொன்னது சரி. சுவரில் மாலையோடு தொங்கியது என் முன்னாள் கணவர் குணசேகரன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். அந்த நிமிஷம் சர்வ நிச்சயமாக உயிரோடு, காலை ஷிப்டில் இருந்தார்.

தேனு என் செல்போனை எடுத்து அவருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இது அவளுக்கும் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்ப அடித்தாள். பிறகு போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல், ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"மொதல்ல அவர மஸ்கட்டுக்கு அனுப்புன. இப்ப மேலயே அனுப்பிட்டியாம்மா?"

மஸ்கட் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் எப்படிச் செத்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மூணு டம்ளர் காபி

இந்தப் பகுதியைப் படிக்கிற ஒரு வாசகி, "நீங்கள் எழுதிய 'மூணு டம்ளர் காபி' தொடரை இப்போது இணையத்தில் என் பெண்ணோடு பார்க்கிறேன். பாதிக்கு மேல் உங்கள் பெயரைக் காணோமே, ஏன்?" என்று கேட்டிருந்தார். நல்லவேளை, ஒருவராவது பெயர் போடும் இடத்தைப் பார்க்கிறார். அவருக்கான பதில்தான் இந்த வாரம்.

நான் அப்போது செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். விவாகரத்து மனுக்கள் என் கைக்கு அத்துப்படி. என் மனுவையும் நானேதான் டைப் அடித்தேன். ஒரு பிழை கிடையாது. வக்கீல் அதை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்.

காரணம் என்ன என்று கேட்காதீர்கள். அது எனக்கும் குணாவுக்கும் சொந்தமான விஷயம். அவருக்கு இந்தப் பத்திரிகையில் பதில் எழுத இடம் கிடையாது. அதனால் நானும் எழுதப் போவதில்லை. பெண்கள் இரண்டு பேரும் என்னோடு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவரோடு என்று ஏற்பாடு. சண்டை போடுகிற கட்டத்தை எல்லாம் தாண்டி, ஒருவரை ஒருவர் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற அளவுக்கு வந்திருந்தோம்.

வாரப் பத்திரிகைகளில் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தவளை ஒரு தயாரிப்பாளர் தேடி வந்தார். விவாகரத்தான ஒரு பெண், கல்யாண மண்டபத்தில் மேனேஜர் வேலை, வயசுக்கு வந்த இரண்டு பெண்கள். ஊருக்கெல்லாம் கல்யாணம் நடத்தி வைப்பவளுக்குத் தன் கல்யாணம் நிலைக்கவில்லை. "சிரிக்க வைக்கணும் மேடம், அழக் கூடாது" என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. அது வரைக்கும் டிவியில் விவாகரத்தானவள் என்றால் ஒன்று வில்லி, இல்லை என்றால் மூக்கைச் சிந்துகிறவள்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துப் படப்பிடிப்பு நடந்தது. உப்புக் காற்றில் புது ஆணியெல்லாம் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். பக்கத்தில் சிற்பக் கூடங்கள். நாள் முழுக்க உளிச் சத்தம். எங்கள் ஒலிப்பதிவுக்காரர் ஒவ்வொரு காட்சிக்கும் ஓடிப்போய், "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கும்பிடுவார். அவர்களும் உளியை வைத்துவிட்டு டீ குடிப்பார்கள். எங்களால் அந்த வருஷம் எத்தனை பிள்ளையார்கள் தாமதமாகப் பிறந்தார்களோ தெரியாது.

ஒரே வரியில்

தொடர் நன்றாகத்தான் போனது. மூன்றாவது மாதம் சேனலில் கூப்பிட்டார்கள். ஏ.சி. அறை, பிஸ்கட், நாலு பேர். அதில் ஒருவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"மேடம், அந்த அம்மா ஏன் டைவர்ஸ் ஆகியிருக்கணும்? வீட்டுக்காரர் தவறிட்டார்னு வச்சிக்கலாமே. லேடீஸ்க்கு ஒரு பரிதாபம் வரும்ல."

"இதுவரைக்கும் டைவர்ஸ்னுதானே சொல்லிட்டிருக்கோம்?"

"ரெண்டு மூணு தடவதான் அந்த வார்த்தை வந்திருக்கு. யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா? ஒரு வரி போடுங்க போதும்."

நான் அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன் என்று இத்தனை வருஷம் கழித்து எழுதினால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். சொல்லவில்லை. தலையாட்டினேன். என் பெயர் டிவியில் வருவது எனக்குப் பிடித்திருந்தது. ஆபீசில் வக்கீலே என்னை 'வாங்க ரைட்டர்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்து அந்த வரியை எழுதினேன். மின்விசிறி வரி. ஒரு மனிதனைச் சாகடிக்க எனக்கு ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்தான் ஆயிற்று. அதற்குள் ஒரு ஜோக்கும் வைத்துவிட்டேன்.

இறந்தவர் என்றால் சுவரில் மாலை போட்ட படம் வேண்டும். நம் வீடுகளில் அதைப் பார்த்தாலே போதும், வேறு வசனம் தேவையில்லை. அந்த வேலை ஏழுமலை அண்ணனுடையது.

முருகனுக்குப் பின்னால்

ஏழுமலை அண்ணன் சிங்கப்பெருமாள் கோயில்காரர். எங்கள் தொடரின் கலை இலாகா முழுவதும் அவர் ஒருவர்தான். நாற்காலி, தட்டு, திரைச்சீலை, காய்கறி எல்லாம் அவர் பொறுப்பு. "வூட்ல பழைய சாமான் எதுனா கீதா மேடம்? ஃபிரேமு, டப்பா, எதுவா இருந்தாலும் குடுங்கோ" என்று என்னிடமும் கேட்டிருந்தார்.

எங்கள் பூஜை அலமாரியில் ஒரு முருகன் படம் இருந்தது. மரச்சட்டம், கனத்த கண்ணாடி. அதைக் கொடுத்துவிட்டேன். முருகனுக்கு வேறு படம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. குணாவுக்கு வேலை கிடைத்த புதிதில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் போடச் செய்த சட்டம் அது. விவாகரத்துக்குப் பிறகு படத்தைக் கிழிக்கவும் மனசில்லை, மாட்டி வைக்கவும் மனசில்லை, நல்ல சட்டத்தை வீணாக்கவும் மனசில்லை. காலண்டரிலிருந்து ஒரு முருகனை வெட்டி, அவர் படத்துக்கு மேலேயே வைத்து மூடி, அலமாரியில் ஏற்றிவிட்டேன். ஆறு வருஷம் அப்படியே போய்விட்டது.

பின்னால் அவர் இருப்பதை மறந்தே போய்விட்டேன் என்றால் நம்புவீர்களா? யாழினி நம்பினாள். தேனு நம்பவில்லை. எனக்கே இன்றைக்கு வரை முழு நம்பிக்கை இல்லை.

அன்று இரவு ஏழுமலை அண்ணனுக்கு போன் செய்து கத்தினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக அவர் சொன்னார்.

"நான் இன்னா மேடம் கண்டேன்? செத்தவரு எடத்துல சாமி படம் மாட்ட முடியுமா? எடுத்துட்டு வேற வைக்கலாம்னு பின்னாடி தொறந்தா ஒரு ஆளு நிக்கிறாரு. ஜம்முனு கீறாரு. நீங்களே வசனமும் எழுதி, ஆளையும் உள்ள வச்சி அனுப்சிகிறீங்கனு நெனச்சிகினேன். சந்தன மாலை வேற என் கைக்காசு போட்டு வாங்கினேன் மேடம்."

அவர் மேல் என்ன தப்பு? சாகடித்தது நான். மாட்டியதுதான் அவர்.

மஸ்கட்

இப்போது மஸ்கட்.

விவாகரத்தான புதிதில் வீடு தேடினேன். வேலைக்குப் போகிறவள், இரண்டு சின்னப் பெண்கள், அமைதியான குடும்பம் என்று புரோக்கர் சொல்லும் வரை எல்லாம் சரியாக இருக்கும். அப்புறம் அந்தக் கேள்வி வரும். "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறாரு?" நான் உண்மையைச் சொல்வேன். வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போகிறோம், தம்பி வரப் போகிறான், இப்போதைக்கு விடுவதாக இல்லை என்று ஏதாவது ஒன்று வரும். மூன்று வீடு அப்படிப் போனது.

நாலாவது வீட்டில் அதே கேள்வியை, கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா அம்சவேணி அக்கா கேட்டபோது, "மஸ்கட்ல இருக்காரு" என்றேன். ஏன் மஸ்கட் என்று எனக்கே தெரியாது. அன்று காலை ஆபீசில் மஸ்கட்காரர் ஒருவரின் பவர் பத்திரம் டைப் அடித்திருந்தேன். வாயில் வந்துவிட்டது. சாவி கிடைத்துவிட்டது.

பொய்யைச் சொல்வது சுலபம், அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம். வெளிநாட்டில் கணவர் இருந்தால் சாமான் வர வேண்டுமே. அம்சவேணி அக்காவுக்கு முட்டிவலி. "உன் வூட்டுக்காரு வந்தா ஒரு கோடாலித் தைலம் கொண்டாரச் சொல்லு" என்றார். வருஷா வருஷம் பாரிமுனையில் கோடாலித் தைலமும் பேரீச்சம்பழமும் வாங்கி, ஆள் மூலம் வந்த மஸ்கட் சாமான் என்று கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்களிடமும் சொல்லி வைத்தேன். கீழ்வீட்டில் யாராவது கேட்டால் அப்பா மஸ்கட்.

யாழினிக்கு அது விளையாட்டு. மஸ்கட்டில் அப்பா ஒட்டகம் வாங்கியிருக்கிறார் என்று கூடச் சொல்லிவிட்டு வருவாள். தேனு வாயைத் திறக்க மாட்டாள். சனிக்கிழமை கல்பாக்கம் போய் அப்பாவோடு ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வருவாள். திங்கட்கிழமை கீழ்வீட்டு அக்கா, "உங்கப்பா எப்பமா வராரு?" என்றால் தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிடுவாள். கூச்ச சுபாவம் என்று நான் நினைத்தேன். ஆறு வருஷம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டில் மூன்று பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாசலில் தேனுவின் செருப்பைக் காணோம். மொட்டை மாடியிலும் இல்லை. யாழினிதான் சொன்னாள். "பஸ் ஏறியிருப்பாம்மா. வேற எங்க போவா?"

திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகிற பஸ்ஸில் நாங்களும் ஏறினோம். ஜன்னல் கம்பி சுட்டது. வழி முழுக்க நான் என்ன பேசுவது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டே போனேன். வசனம் எழுதுகிறவளுக்கு ஒரு வரிகூட வரவில்லை.

குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் தேனு உட்கார்ந்திருந்தாள். வீடு பூட்டியிருந்தது. நான் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். யாழினி எங்கள் இரண்டு பேருக்கும் கீழே. வேப்பம்பழம் விழுந்து மிதிபட்ட வாசனை.

இரண்டரை மணிக்கு, ஷிப்டு பஸ் நிறுத்தத்திலிருந்து குணா சைக்கிளில் வந்தார். தேனு எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, முழங்கையை அமுக்கி, தோளை அமுக்கிப் பார்த்தாள். பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம்தான் அழுதாள்.

"டேய் தேனு, இன்னாடா இது? நல்லாத்தான் கீறேன்" என்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "வெளிய வந்து போன எடுத்தா இருவத்தேழு மிஸ்டு கால். ஒருத்தன் பொணம் எடுப்பு எத்தினி மணிக்குனு கேக்குறான். பஸ்ல பின்சீட்டுல இருந்து ஒரே சிரிப்பு."

"தெரியாம நடந்துடுச்சு. நான் மாத்தச் சொல்றேன்" என்றேன்.

"போட்டோவ மாத்திடலாம் அமுதா. அது பெரிய விஷயம் இல்ல. மீசை இல்லாத போட்டோ, பாதிப் பேருக்கு அடையாளமே தெரியல." சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "ஆனா செத்துட்டான்னு எழுதும்போது உன் மனசுல யாரு இருந்தா? அத மட்டும் சொல்லு."

நான் படியில் ஒட்டியிருந்த வேப்பங்கொட்டையைச் செருப்பால் தள்ளினேன்.

தேனு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "முருகனுக்குப் பின்னாடி அப்பா இருக்காருன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவ தொடைக்கும்போது பின்பக்கம் கழண்டு வந்துச்சு. பரிட்சை அன்னிக்கு நான் கும்பிட்டது முருகன இல்ல." பிறகு, "நான் இங்கதான் இருக்கப் போறேன். நீ டிவில அவர உயிரோட கொண்டுவா, அப்புறம் வரேன்."

குணா என்னைப் பார்த்தார். "ஒரு வாரம் இருக்கட்டுமே" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இருந்ததாகத் தோன்றவில்லை. நானும் யாழினியும் பஸ் ஏறினோம்.

கழுவி வந்த டப்பா

ஒரு வாரம் மூன்று வாரம் ஆனது. தேனு கல்பாக்கத்திலிருந்தே செங்கல்பட்டுப் பள்ளிக்கு பஸ்ஸில் வந்து போனாள். அதே பள்ளியில் படித்த யாழினியிடம் தினமும் மதியச் சாப்பாடு கொடுத்தனுப்பினேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, அவளுக்குப் பிடித்த வடகம். சாயங்காலம் டப்பா திரும்பி வரும். கழுவித் துடைத்து வரும்.

எங்கள் வீட்டில் அந்தப் பெண் ஒரு நாளும் டப்பா கழுவியது கிடையாது. திறந்துகூட வைக்க மாட்டாள். மறுநாள் காலையில் நான்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு திறப்பேன். விருந்தாளி திருப்பிக் கொடுக்கிற மாதிரி அந்தப் பளபளப்பான டப்பாவைக் கையில் வாங்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். அவள் நிரந்தரமாகப் போய்விடுவாள் என்ற பயம் அங்கேதான் தொடங்கியது.

சேனலுக்குப் போனேன். கணவன் சாகவில்லை, வீடு கிடைப்பதற்காக அந்தத் தாய் பொய் சொன்னாள் என்று ஒரு வாரக் கதை எழுதிக் கொண்டுபோனேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல எபிசோடு அதுதான். மரியாதையாகப் பேசுகிறவர் முழுக்கப் படித்தார். இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா ஒரு தடவ சாமிகிட்ட போனவர திரும்பக் கூப்ட முடியாது. படத்த வேணா மாத்திக்கலாம்."

படத்தை மாற்றினார்கள். ஏழுமலை அண்ணன் எங்கிருந்தோ ஒரு கண்ணாடி போட்ட மனிதரைக் கொண்டுவந்து மாட்டினார். அந்த ஆளின் குடும்பம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒப்புக்கொண்ட மீதி எபிசோடுகளை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். வாசகி கேட்ட கேள்விக்குப் பதில் முடிந்தது. என் கதை முடியவில்லை.

டிவியில் அவரை உயிரோடு கொண்டுவர முடியாது என்று தெரிந்துவிட்டது. தேனு வைத்த நிபந்தனை அது ஒன்றுதான். கூடத்தில் உட்கார்ந்து கழுவிய டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மொதல்ல மஸ்கட்டுக்கு அனுப்புன" என்று அவள் சொன்னது அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. மேலே அனுப்பியதை மாற்றுவது என் கையில் இல்லை. மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவது என் கையில்தானே இருந்தது?

கோடாலித் தைலம்

அம்சவேணி அக்கா கீழே அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் நாலு காயை எடுத்துக்கொண்டேன். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குத் தைரியம் வரும்.

"அக்கா, என் வீட்டுக்காரர் மஸ்கட்ல இல்ல. கல்பாக்கத்துல இருக்காரு. எங்களுக்கு டைவர்ஸ் ஆயி ஆறு வருஷம் ஆச்சு."

அவர் நார் உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு காய், இரண்டு காய். பிறகு கேட்டார்.

"அப்ப அந்தத் தைலம்?"

"பாரிமுனையில வாங்கினதுக்கா."

"முட்டிக்கு நல்லாத்தான் கேட்டுது" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. இது நான் எழுதுகிற கதையாக இருந்தால் அந்த இடத்தில் அவரைக் கட்டிப்பிடிக்க வைத்திருப்பேன்.

மறுநாள் காலை அவர் கணவர் மாடிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. ரெண்டு மாசத்துல வேற வூடு பாத்துக்கோ. டைவர்சுக்காக சொல்லல. ஆறு வருசம் ஒரே வூட்ல இருந்துகினு பொய் சொல்லிகினு இருந்தியே, அதுதான் மனசு கேக்கல."

அவர் சொன்னது பாதி உண்மை, மீதி பாதி அவருக்கே தெரியாதது என்று நினைத்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பாரா? கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. "சரிங்கண்ணா" என்றேன்.

அழுகை வந்தது. அழுதேன். யாழினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒட்டகத்தையும் வித்துடச் சொல்லணும்மா அப்பாவ" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், பாத்திரங்களை எந்தப் பெட்டியில் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் தேனு நின்றாள். பள்ளிப் பை ஒரு தோளில், துணிப் பை ஒரு தோளில். உள்ளே வந்து இரண்டையும் தரையில் போட்டாள்.

"டிவில இன்னும் செத்துத்தான் இருக்காரு" என்றாள்.

"ஆமா. என்னால முடியல தேனு."

"தெரியும். அதுக்கு வரல. கீழ் வீட்ல சொல்லிட்டியாமே. யாழினி அக்கா சொன்னா." கொஞ்ச நேரம் கட்டிவைத்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ் வீட்டு அக்கா எப்ப அப்பாவப் பத்திக் கேட்டாலும் எனக்கு வயித்த வலிக்கும்மா. உனக்கு தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அது உண்மை. ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது. "மன்னிச்சிடு கண்ணு" என்றேன். பெற்ற பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பையிலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். கழுவவில்லை.

வீடு பார்க்கப் போனது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீடு பார்க்கக் கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் மாடியில் ஒரு போர்ஷன் காலி என்று ஏழுமலை அண்ணன் சொல்லியிருந்தார். மாலை விஷயத்தில் அவருக்கு இன்னும் உறுத்தல்.

இரண்டு அறை, சின்னச் சமையல்கட்டு, நல்ல காற்று. ரயில் போனால் ஜன்னல் அதிர்ந்தது. எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரம்மா ஐம்பது வயசுக்காரர், தலையில் ஈரத் துண்டு. எங்கள் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வேல இன்னா பண்ற?"

"வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டுங்க."

"பொண்ணுங்க படிக்குதுங்களா? சரி. வூட்டுக்காரு எங்க இருக்காரு?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதிலும் தயாராகத்தான் கொண்டுபோயிருந்தேன். ஆனால் ஆறு வருஷப் பழக்கம் லேசுப்பட்டதா? ஒரு நொடி, ஒரே நொடி, மஸ்கட் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

தேனு எனக்கு முன்னால் ஒரு அடி வைத்தாள்.

"எங்கப்பா கல்பாக்கத்துல இருக்காருங்க. அவருக்கும் அம்மாவுக்கும் டைவர்ஸ். சண்டையெல்லாம் போட மாட்டாங்க. மாசத்துல ரெண்டு சனிக்கெழம நாங்க போவோம், ஒடம்பு சரியில்லனா அவரு இங்க வருவாரு. பஸ்ல வருவாரு, மீசை இருக்கும், பாத்தா தெரிஞ்சிடும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "தண்ணி எப்ப வரும்?"

யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் கையை இறுக்கிக்கொண்டேன். வேறு வீடு பார்க்க அந்தத் தெருவில் இன்னும் எத்தனை கதவு என்று மனசு எண்ணத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்காரம்மா தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். தேனுவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணு வுட்டு ஒரு நாளு வரும்மா, காலைல ஆறு மணிக்கு. நீதான் எழுந்து புடிக்கணும். ஒங்கம்மா பேச மாட்டாங்க போல கீது."